மணி அடித்தால் ஓடுகிறவள்

என் தங்கைக்கு நடக்கவே தெரியாது, சார். எங்கே போனாலும் ஓட்டம்தான். நர்ஸ் வேலைக்குப் போன பிறகு அது இன்னும் மோசம். மணிச் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவாள்.

நான் படிப்பை விட்ட நாளிலிருந்து எங்கள் ஐஸ் ஃபாக்டரியிலேயே கிடக்கிறேன். கம்ப்ரசர் இருமினால் எந்த வால்வு என்று சொல்லிவிடுவேன். அப்பா படுத்த படுக்கையானதும் முதலாளி நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உனக்கு மெஷினைத் தெரியும்பா. அவளுக்கு மனுஷங்களைத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கோங்க."

ஊசி போட்டவளுக்கு ஃபாக்டரி எப்படிப் பிடிபடும் என்று சிரித்தேன். பிடிபட்டது. கை விறைத்துப்போனவர்களை உட்கார வைத்தாள், ஷிப்டை மாற்றினாள், வேலையை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். லாபமும் வந்தது. "எல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனால் பொறாமையில் செய்யவில்லை, சார். மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்கிற அம்மோனியா வாயு குழாயில் ஓடுகிற இடத்தில் முதலாளிக்கு நிதானம் வேண்டும். அவளுக்கு அது இல்லை என்று யாராவது காட்ட வேண்டியிருந்தது.

அன்று மதியம் மெஷின் ரூமைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அம்மோனியா வால்வைத் திறந்தேன். அபாய மணியை அழுத்தினேன். பின்கதவு வழியாக வந்து கேன்டீனில் உட்கார்ந்தேன். வாயு முகமூடி வாசலிலேயே தொங்கியது. காலையில் நானே துடைத்து மாட்டியிருந்தேன். அதைப் போடக்கூட அவள் நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஃபோர்மேன் அவள் கையைப் பிடித்து இழுத்தாராம். உதறிவிட்டாளாம்.

"விடுங்கண்ணே, எங்க அண்ணன் உள்ள இருக்காரு."

வெளியே தூக்கி வந்தபோது மூச்சில்லை. அவள் சொன்னதை ஃபோர்மேன் சொல்லக் கேட்டு அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, சார். வீட்டில் அப்பா இன்னும் கட்டிலோரத்து மணியை அடித்து அவளைத்தான் கூப்பிடுகிறார்.

இருந்தாலும் நீங்களே சொல்லுங்கள். உள்ளே ஆள் இருக்கிறானா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஓடுகிறவளை நம்பி ஒரு ஃபாக்டரியை எப்படி விடுவது? அவளே உள்ளே மாட்டியிருந்து, மணி என் காதில் விழுந்திருந்தால், நான் வாசலிலேயே நின்றிருப்பேன்.