நடிப்பில்லாத ஒரு சோதனை

இந்தப் பிப்ரவரி முழுக்கக் கடல் அமைதியாக இருந்தது, மேடம். கடப்பாக்கத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

என் பெயர் பிரவின்குமார். சொந்த ஊர் அச்சரப்பாக்கம். செங்கல்பட்டுப் பக்கம் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கென்று ஒரு சர்வதேசக் கம்ப்யூட்டர் வடிவமைப்புப் போட்டி இருக்கிறது. சின்னதாக ஒரு கம்ப்யூட்டரை வைத்து மனிதர்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்து காட்ட வேண்டும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். புரோகிராம் எழுதியது சிநேகா. கருவியைக் கட்டியது ஜெரோம். யோசனை என்னுடையது. அணித் தலைவனும் நான்தான்.

நாங்கள் செய்தது ஒரு கைப்பட்டை. படகில் போகிறவர் கட்டிக்கொள்ள வேண்டும். தவறித் தண்ணீரில் விழுந்தால் பட்டை தானாகவே கரைக்குத் தகவல் அனுப்பும். கரையில் என் லேப்டாப்பில் சிவப்புப் புள்ளி ஒன்று வரும். ஊர்க்காரர்கள் போனுக்குச் செய்தி போகும். அவ்வளவுதான்.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் முதல் சுற்று நடந்தது. ஜெரோம் படகிலிருந்து குதிப்பதைப் படமெடுத்துக் காட்டினோம். நடுவர்களில் ஒரு அம்மா பொறுமையாகப் பார்த்தார். பிறகு, இது நடிப்புதானே, நிஜத்தில் உங்கள் கருவி யாரையாவது காப்பாற்றியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார். குழந்தை கிறுக்கிக் கொண்டுவந்த படத்தைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எங்களுக்கு அடுத்து வந்த அணியின் கருவி கேஸ் கசிவைக் கண்டுபிடித்து ஒரு வயதான தம்பதியைக் காப்பாற்றியிருந்ததாம். அரங்கமே எழுந்து கைதட்டியது. எங்களுக்கு மார்ச் கடைசிவரை நேரம் கொடுத்தார்கள். நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டினால் இறுதிச் சுற்றுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கடப்பாக்கம் ஜெரோமின் ஊர். அங்கே பட்டைகளைக் கொடுத்துவிட்டு, தினமும் காலையில் ஈசிஆர் பஸ் பிடித்துப் போய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் விழவில்லை. போன வருஷம் இரண்டு பேர் விழுந்த கடல் அது. எங்கள் பட்டை வந்ததிலிருந்து ஒருத்தர்கூட இல்லை. விழுந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. ஏறக்குறைய எல்லாரும் பட்டையை வீட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். துரை என்கிற படகுக்காரர் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். யாரும் விழவில்லையென்றால் நல்லதுதானே என்றாள் சிநேகா. அதன்பிறகு அவளிடம் இதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

கழற்றாமல் கட்டியிருந்தவர் ஒருவர்தான். ஜெரோமின் அப்பா ஏசுபாதம். சின்ன ஃபைபர் படகில் தனியாக நண்டு வலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் பட்டையோடுதான் போவார். "எம்புள்ள செஞ்சது தம்பி, கயட்ட மனசு வர்ல" என்பார்.

ஒருநாள் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, யாராச்சும் வுயுந்தாத்தான் பிரைஸு குடுப்பானா? நான் வேணா வுயட்டுமா?"

"வேணாம்ப்பா. நீங்களா வுயுந்தா அது நடிப்பாயிடும்" என்றேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை, மேடம்.

மார்ச்சில் ஒரு காலை. வெயில் ஏறியிருந்தது. அவர் படகு முகத்துவாரத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் சிவப்புப் புள்ளி வந்தது. போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். கூப்பிடு தூரத்தில், கொட்டகை நிழலில், துரையும் நாலைந்து பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். செய்தி அவர்கள் போனுக்கும் போயிருந்தது. போன்கள் மூங்கிலில் தொங்கிய சட்டைகளுக்குள் இருந்தன.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. நான் கத்தியிருந்தால் அவரைக் காப்பாற்றியது என் தொண்டையாக இருந்திருக்கும். கருவியாக இருந்திருக்காது. அந்த நடுவர் அம்மா அதைத்தான் முதலில் கேட்பார். ஏசுபாதத்துக்கு நன்றாக நீந்தவும் தெரியும். கொஞ்ச நேரம் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். முகத்துவாரத்தில் தண்ணீர் கடலுக்குள் வடிகிற நேரம் அது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு அது தெரியாது. நான் அச்சரப்பாக்கத்துக்காரன்.

புள்ளி கிழக்கே நகர்ந்தது. சீராக நகர்ந்தது. சிநேகா எழுதிய புரோகிராமை அன்றைக்குத்தான் முதன்முறையாக மனசுக்குள் பாராட்டினேன்.

கடைசியில் துரை மணி பார்க்கப் போனை எடுத்தார். ஆட்டத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். அவர்கள் படகைத் தள்ளியதையும் எடுத்தேன். நல்ல காட்சி.

மறுநாள் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் ஏசுபாதம் கரை ஒதுங்கினார். பட்டை கையில்தான் இருந்தது. அப்போதும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். மீட்பவர்கள் தாமதமானதால் உயிர் போனது, கருவி தன் வேலையைச் செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். இறுதிச் சுற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்துவதாகத் தீர்மானித்திருந்தேன்.

ஜெரோம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். கல்லூரி கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பின்னாடி துரை அண்ணாத்த சிரிக்கிற சத்தம் கேக்குது. அவ்ளோ கிட்ட குந்திகினு நீ கூப்புடலையா?"

உங்களிடம் சொன்னதைத்தான் அவனிடமும் விளக்கினேன். முழுக்கக் கேட்டான். எழுந்து போனான். நேராக இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறான்.

கயிற்றைப் பற்றி அவன் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

முகத்துவாரம் தாண்டி இன்ஜினைத் திருப்பும்போது ஏசுபாதம் எழுந்து நின்று, படகோரத்துக் கயிறு ஒன்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்ப்பார். பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று அவர் கிளம்பும் முன், பட்டையின் சிக்னல் படகில் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி ஏறினேன். அந்தக் கயிற்றை முடிச்சுக்குக் கீழே பிளேடால் அறுத்தேன். முழுக்க அறுக்கவில்லை. அறுத்தால் கரையிலேயே கையோடு வந்திருக்கும். நான் இறங்கும்போது கைகொடுத்து இறக்கிவிட்டார்.

அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அவர் வீட்டில் எத்தனையோ முறை நண்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். பட்டையைக் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களில் யார் விழுந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஜெரோம் வெளியேதான் நிற்கிறான் என்றால் ஒன்று சொல்லுங்கள், மேடம். அவன் கட்டிய கருவி கடைசிவரை ஒரு நொடிகூடத் தவறவில்லை. அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும்.