உரித்த கம்பியும் எரித்த கம்பியும்

பட். பட் பட். பிறகு பெரிதாக ஒரு டமார்.

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

கத்தியது நான்தான். பக்கத்தில் கம்பி உரித்துக்கொண்டிருந்த பாப்பாத்தியைத் தரையில் அமுக்கினேன். நானும் விழுந்தேன். வாயைத் திறந்து வைத்தேன். ஒரு கை காதில். மற்றக் கை அவள் பிடரியில்.

புதுச்சத்திரத்துக்கு வெளியே ஒரு பழைய இரும்புக்கடை. வெள்ளிக்கிழமை. காலை பத்தரை. டீ குடித்த டம்ளர் இன்னும் சுடுகிறது. இதெல்லாம் சரியாகச் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், கள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய மோட்டார் வயர், வீட்டு வயர் எல்லாம் மூட்டையாக வரும். கத்தியால் கீறித் தோலை இழுத்தால் செம்பு பளபளவென்று வரும். எனக்கு அதைப் பார்க்கவே ஆசை. எரித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கம்பி கறுத்துப்போகும். புகை தொண்டையை அறுக்கும். கடைக்காரர் செல்வராசுவிடம் எத்தனை முறை சொன்னேன்!

"எரிக்காதேங்கோ தம்பி. நான் உரிச்சுத் தாறன்."

"நீங்க உரிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சே போயிருமுங்க, ஆயா."

அன்று லாரி வருகிற அவசரம். கொட்டகைக்குப் பின்னால் வயர்க் குவியலுக்குத் தீ வைத்துவிட்டார். குவியலுக்குள் ஒரு கொசுமருந்து ஸ்ப்ரே டப்பா. வெடித்தது அதுதான்.

எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஷெல் குண்டு.

இலங்கையில், எங்கள் வன்னியில், சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை. பேட்டரி இல்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து ஒரு செம்புக் கம்பி. ரேடியோ பாடும். தெருவே கூடும். என்ன சிரிப்பு! ஷெல் விழுந்த அன்று நான் மகளோடு குப்புறப் படுத்தேன். அவர் சைக்கிளை எடுக்க ஓடினார். படுத்தவர்கள் இருக்கிறோம். ஓடியவர் இல்லை. அன்றிலிருந்து என் உடம்புக்கு ஒரே சட்டம்.

இங்கே எங்கள் தலைக்கு மேலே கொட்டகையின் ஓலைக் கூரை பற்றிக்கொண்டது. முதுகில் தணல் விழுகிறது. பாப்பாத்தி திமிறுகிறாள்.

"உடுங்க ஆயா! குண்டில்லீங்க, தீயிங்க! ஓடோணும்!"

"அசையாத! இன்னொண்டு வரும்!"

எழும்பு என்கிறது புத்தி. கால் கேட்கவில்லை. கை விடவில்லை. கடல் தாண்டி வந்து இத்தனை வருஷம். இன்னும் அந்த ஷெல்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

பாப்பாத்தி என் கையைக் கடித்தாள். நல்ல கடி. பிடி விட்டது. அவள் தனியாக ஓடியிருக்கலாம். என் இரண்டு காலையும் பிடித்து மூட்டை இழுப்பதுபோல வெளியே இழுத்தாள். பின்னால் கூரை இறங்கியது. சர்ர்ர்.

செல்வராசு காலி வாளியோடு நின்றார். "புத்தியில்லாம பண்ணிப்போட்டனுங்க, ஆயா."

"உரிச்சுத் தாறன் எண்டு சொன்னனானே!"

போனது கொட்டகை. என் செருப்பு. பாப்பாத்தியின் பின்னலில் ஒரு சாண். நான் உரித்து வைத்த செம்பு மூன்று மூட்டை, மூன்றும் கறுப்பு. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆட்களை எண்ணினேன். செல்வராசு. எடை போடுகிற மாரி. பாப்பாத்தி. நான். நாலு. நம்ப முடியவில்லை. திரும்ப எண்ணினேன்.

"எங்களயே எதுக்குங்க ஆயா எண்ணறீங்க?"

ஊரில் ஷெல்லுக்குப் பிறகு எண்ணும்போதெல்லாம் குறையும். மூன்றாம் தடவையும் எண்ணினேன்.

நாலு. பேத்தி, அதைப் பெரிய எழுத்தில் எழுது.