தாழ்வாரத்து அறுவடை

— புளியங்கொட்டைன்னு சொன்ன, சரின்னேன். பாண்டிக் கட்டம்னு சொன்ன, பள்ளிக்கூடத் தரையெல்லாம் கரிக்கோடு போட்ட, அதுக்கும் சரின்னேன். இப்ப வேலைநிறுத்தமா? ஏம்மா செவ்வந்தி டீச்சர், நாலாங்கிளாஸ் கணக்குப் புஸ்தகத்துல வேலைநிறுத்தம் எந்தப் பக்கத்துல இருக்கு?

— அது வேலைநிறுத்தம் இல்ல சார். பின்னம்.

— தாழ்வாரத்துல ஒரு கிளாசே நின்னுக்கிட்டு "அரை மரக்கா நெல்லு கூடக் கொடு"ன்னு கத்துனது பின்னமா?

— ஆமா சார். அரை.

— என் தலையெழுத்து.

— சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக்...

— நான் சொல்றத நீ கேளு. பெரிய மிராசு வண்டி அந்த நேரம் பாத்துத்தான் வாசல்ல போகணுமா? வண்டிய நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்காரு. மதில் மறைச்சதால மூஞ்சி தெரியல, குரல் மட்டும் கேட்டிருக்கு. வீட்டுக்குப் போன கையோட கணக்குப்பிள்ளைய எங்கிட்ட அனுப்பிட்டாரு. என்ன சொல்லி அனுப்பினாரு தெரியுமா? "முன்னால நின்னு கத்துன பய பேரு சாயங்காலத்துக்குள்ள பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாது. இருந்தா, பள்ளிக்கூடம் நிக்கிற மனை யாருதுன்னு எட்மாஸ்டருக்கு ஞாபகப்படுத்து."

— மனை அவரோடதா இருக்கலாம் சார். பள்ளிக்கூடம் பஞ்சாயத்து யூனியனோடது.

— அதை அவருகிட்டப் போயிச் சொல்லு. இல்ல, யூனியன் சேர்மன்கிட்டப் போயிச் சொல்லு. அவரு மேடையில நின்னா "இது ஏழைங்க ஆட்சி"ம்பாரு. எலெக்சனுக்கு அவரு ஏறிப் போன ஜீப்பு யாரு வீட்டு ஜீப்பு? நான் யாருகிட்டம்மா போறது? பின்னம் சொல்லிக் கொடுக்க உலகத்துல வேற விளையாட்டே கிடைக்கலியா உனக்கு?

— எல்லாம் போட்டுப் பாத்தாச்சு சார். பலகையில ஒண்ணுக்குக் கீழ ரெண்டுன்னு எழுதுறேன், பக்கத்துலயே ஒண்ணுக்குக் கீழ நாலுன்னு எழுதுறேன். எது பெருசுன்னா, கிளாசே சேந்து நாலு போட்டதுதான் பெருசுங்குது. கொய்யாப்பழத்த நாலா அரிஞ்சு கொடுத்தேன். வாயில போட்டுக்கிட்டாங்க. மிச்சம் எவ்வளவுடான்னு கேட்டா, "காம்பு"ங்கிறாங்க.

— புளியங்கொட்டை?

— வறுத்துத் தின்னுட்டாங்க சார்.

— பாண்டி?

— பொம்பளப் புள்ள விளையாட்டுன்னு பசங்க மதில் மேல ஏறி உக்காந்துட்டாங்க. நீங்கதான பெரம்பெடுத்துக்கிட்டு வந்து எறக்குனீங்க.

— அதுக்காக?

— சோறு திங்கிற நேரத்துல பசங்க பேசிக்கிட்டத ஒரு நாள் கேட்டேன் சார். எவன் வீட்டுக்கு அறுப்புக்கூலி எவ்வளவு வந்துச்சு, அரை மரக்கா கூட வந்தா எத்தனை வேளைச் சோறுன்னு. ஒரு புள்ளைகூடத் தப்பாச் சொல்லல. பலகையில வராத அரை, வாயில தானா வருது. அதான் களத்தையே இங்க கொண்டாந்துட்டேன். ஆத்து மணல்தான் நெல்லு. மரக்கா என் வீட்டுது. சீட்டுக் குலுக்கிப் போட்டேன். ஒருத்தன் மிராசு, ஒருத்தன் கூலி அளக்குற காரியக்காரன், மத்தவங்க அறுப்பு ஆளு. பன்னெண்டு மரக்கா ஒரு கலம், கலத்துக்கு ஒரு மரக்கா கூலி. அளந்து கொடுக்கணும், அளந்து வாங்கணும். அவ்வளவுதான் சார் விளையாட்டு.

— அவ்வளவுதான்னா, செவப்புக் கொடி எங்கேருந்து வந்துச்சு?

— பொன்னுத்தாயோட ரிப்பன் சார். அது என் விளையாட்டுல கிடையாது. அவங்களாக் கட்டிக்கிட்டாங்க.

— அவங்களா இல்ல. அவன். வைரக்கண்ணு மகன் மருதையன். அப்பன் சங்கத்துல கொடி புடிக்கிறான், புள்ள பள்ளிக்கூடத்துல புடிக்கிறான். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அவன் பேர அடிக்கிறேன். அப்பனக் கூட்டியார ஆளு போயிருக்கு.

— மருதையன் இல்ல சார்.

— பின்ன யாரு? கேட்டா சுவத்தப் பாக்குற.

— சொல்ல மாட்டேன் சார். "வீட்டுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாங்க டீச்சர், யாருகிட்டயும் சொல்லாதீங்க"ன்னு அந்தப் பையன் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். சொல்லலன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

— அப்ப மருதையன்தான். மாட்டிக்கிட்டா அவன்தான் அழுவான்.

— சார்!

— என் பிராணனப் போக்காதம்மா. ரிட்டயராகுற வயசுல எனக்குக் களமும் வேணாம், மரக்காவும் வேணாம். வாய்ப்பாடு போதும். எங்க வாத்தியார் எனக்கு ஒரு விளையாட்டும் காட்டல. குட்டினாரு. நான் கணக்குக் கத்துக்கலியா?

— சார்... வரலாமுங்களா? கூப்பிட்டீங்கன்னு ஆள் வந்துச்சு.

— வா வைரக்கண்ணு. உள்ள வா.

— காலெல்லாம் சேறு சார். நாத்தங்கால்லேருந்து அப்படியே வரேன். வாசல்லயே நிக்கிறேன்.

— வணக்கங்க. சேறு இருந்தா என்ன, தண்ணி ஊத்தி அலம்பிக்கலாம். உள்ள வாங்க.

— இருக்கட்டும் டீச்சர். மருதையனுக்கு ஒடம்புக்கு எதுவும்...

— ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வாய்தான். டீச்சரோட பின்னக் கணக்கு விளையாட்டுல உம் மவன் தாழ்வாரத்துல நின்னு கொடி புடிச்சுக் கூலி கேட்டிருக்கான். அரை மரக்கா கூட வேணுமாம். அது பெரிய மிராசு காதுல விழுந்திருக்கு. கத்துன பய பேரு சாயங்காலத்துக்குள்ள இங்க இருக்கக் கூடாதுன்னு உத்தரவு.

— என் புள்ளையா?

— சிரிக்காத.

— சிரிக்கல சார். அரை மரக்காதான கேட்டான்? நியாயத்தச் சொல்லுங்க. போன வருச அறுப்புக்கு நாங்களும் அதைத்தான கேட்டோம்? நம்ம தெருவுல ஒருத்தன் அருவாளத் தொடலியே. மிராசு வெளியூர் ஆளக் கொண்டாந்து எறக்காம இருந்தா அப்பவே வாங்கியிருப்போம்.

— ஆமா. சோத்துக்கு மானத்த வித்த பயலுவ.

— அவனுவ வீட்டுல என்ன நெலமையோ சார்.

— அது போகட்டும். நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. இன்னையோட உம் மவன் பேரு இங்க இல்ல. சர்டிபிகேட் எழுதித் தரேன், வலங்கைமான் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயிச் சேத்துக்க.

— வலங்கைமானுக்கு அவன் எப்படி சார் நடந்து போவான்? ஆத்துல தண்ணி விட்டா பாலம் வரைக்கும் சுத்தணும். ரெண்டு நாள் போவான். மூணாம் நாள் நின்னுருவான்.

— மாடு மேய்க்கப் போகட்டும்னு நான் சொன்னேனா?

— நீங்க சொல்லல. அதான் நடக்கும். பண்ணையில மாட்டுக்குப் பய தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. எங்கப்பன் அந்தக் கொட்டாயிலதான் வளந்தாரு, நானும் அங்கதான் வளந்தேன். எங்க வகையறாவுல சிலேட்டு தூக்குன மொத ஆளு இவன்தான் சார். அடிங்க. வெயில்ல முட்டி போட வைங்க. நான் போயி மிராசுகிட்டக் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா, நிக்கிறேன். பேர மட்டும் அடிக்காதீங்க.

— நீயா? கையக் கட்டிக்கிட்டா? சங்கத்துல என்ன சொல்லுவாங்க?

— சொல்லிட்டுப் போறாங்க சார்.

— சார், இப்பவாவது காதுல வாங்குங்க. கத்துனது மருதையன் இல்ல.

— நீதானம்மா சொன்ன? வீட்டுக்குத் தெரிஞ்சா தோல உரிப்பாங்கன்னு அழுதான்னு?

— யாரு, மருதையனா? டீச்சர், அவன் மேல நான் ஒரு நாள் கை வச்சது கிடையாது. என்னைப் பாத்தா பயந்தான்?

— உங்களப் பாத்து இல்லங்க.

— பின்ன?

— மறுபடியும் சுவரு. அங்க என்னதாம்மா எழுதி வச்சிருக்கு?

— வாக்குக் கொடுத்துட்டேனேன்னு பாக்குறேன் சார். ஆனா இவரு சேத்துக் காலோட நின்னுக்கிட்டு, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்குறாரு. சொல்லிடுறேன். கத்துனது தியாகேசன்.

— எந்தத் தியாகேசன்?

— நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு தியாகேசன்தான் சார். உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?

— பெரிய மிராசோட பேரனா?

— அவனுக்கு அறுப்பு ஆளுன்னு சீட்டு வந்துச்சு சார். சொணங்கவே இல்ல. வேர்த்து வழிய, குனிஞ்சு குனிஞ்சு அறுத்தான். கூலி அளந்து மடியில கொட்டுனப்ப எட்டிப் பாத்தான். "இவ்வளவுதானா?"ன்னு கேட்டான். அதுக்கப்புறம்தான் ரிப்பனக் கேட்டு வாங்குனான்.

— தாத்தாவுக்குப் பேரன் குரலுகூடவா தெரியல?

— கூலி கேக்குற அந்த வார்த்தையோட கேட்டா எப்படி சார் தெரியும்?

— நீ சும்மா இரு வைரக்கண்ணு.

— சும்மா எப்படி இருக்குறது? மிராசு உத்தரவுல்ல? கத்துன பய பேரு சாயங்காலத்துக்குள்ள இருக்கக் கூடாது. அடிங்க சார். பேனாவுல மை இருக்குல்ல?

— விளையாடாதய்யா.

— விளையாட்டுதான சார் எல்லாம்? நில உச்சவரம்புன்னு சட்டம் வந்ததும் மச்சான் பேருல கொஞ்சம், மாமியா பேருல கொஞ்சம், வண்டிக்காரன் பேருல கொஞ்சம், வீட்டு நாய்க்குக் கொஞ்சம்னு மிராசு பிரிச்சு எழுதலியா? அதைவிடப் பெரிய பின்னம் நம்ம டீச்சரால போட முடியுமா?

— மெதுவாப் பேசுய்யா, கணக்குப்பிள்ளை வர்ற நேரம். சரி. கேளுங்க ரெண்டு பேரும். இங்க யாரும் கத்தல. புள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிச்சாங்க. வண்டிச் சத்தத்துல ஐயாவுக்கு வேற மாதிரிக் கேட்டிருக்கு. அவ்வளவுதான். ரொம்ப நெருக்கினாருன்னா, "முன்னால நின்ன பையன் யாருன்னு நேர்ல வந்து காதோட சொல்றேன்"னு சொல்லி அனுப்புவேன்.

— தியாகேசன் பேரு வெளிய வரக் கூடாது சார்.

— வந்தா மொதல்ல போறது என் பேரும்மா. அது சும்மா பேச்சுக்கு. நான் சொல்லுவேனா?

— அப்ப என் புள்ள?

— இருக்கட்டும். இருந்து தொலைக்கட்டும்.

— நல்லா இருப்பீங்க சார்.

— நான் எங்க நல்லா இருக்குறது. கெளம்பு, நாத்தங்காலு காயப் போவுது.

— போறேன். டீச்சர், இந்தக் கூத்துல என் புள்ளைக்கு என்ன சீட்டு வந்துச்சு?

— மிராசு.

— மருதையனா! அடி சக்க! கேட்ட வாய் மூடுறதுக்குள்ள அரை மரக்காவ அள்ளிக் கொடுத்திருப்பானே! என்ன டீச்சர், கொடுத்தானா இல்லியா?

— கொடுக்கலங்க.

— கொடுக்கலியா?

— ரெண்டாங்கிளாஸ் பசங்களப் போயிக் கூட்டியாந்துட்டான். வெளியூர் ஆளாம். முக்கா மரக்கா கூலிக்கு எறங்கச் சொன்னான். "இவங்க ஒரு ஆளுக்கு ஒண்ணரை கேக்குறாங்க டீச்சர். அதுக்கு முக்காவுக்கு ரெண்டு வெளியாளு வச்சுக்கலாம்"ன்னான்.

— ஒண்ணரைக்கு ரெண்டு முக்கா. சரியாத்தான இருக்கு! பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தப்ப பேந்தப் பேந்த முழிச்ச பய, அவனா சொன்னான்?

— அவன்தான் சார். கிளாஸ்ல பின்னம் முழுசாப் புரிஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான்.

— பாத்தியா, அதையும் சொல்லிக் கொடுத்திருக்க. கொடி புடிக்க ஒருத்தன், அதை முறிக்க ஒருத்தன். நல்ல விளையாட்டும்மா இது.

— நான் சொல்லிக் கொடுக்கல சார். வெளியாளுங்கிற பேச்சே என் விளையாட்டுல இல்ல.

— பின்ன எங்கேருந்து கத்துக்கிட்டான்?

— விடுங்க சார். மணி அடிக்கணும்.

— மணி எங்கயும் ஓடிப் போயிடாது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் முழிக்கக் கூடாது.

— சொல்லுங்க டீச்சர். எம் புள்ளைக்கு இந்தப் புத்திய எவன் கொடுத்தான்னு எனக்கும் தெரியணும்.

— வேணாங்க.

— சொல்லுங்க.

— நானும் அவனைக் கேட்டேங்க. "போன வருசம் பாப்பா பொறந்தப்ப எங்க வீட்டுல அடுப்பே எரியல டீச்சர். எங்கப்பா தலையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு குத்தாலம் பக்கம் போனாரு. அந்த ஊரு ஆளுங்களும் கொடி நட்டுட்டு வேலைக்கு எறங்காம இருந்தாங்களாம். எங்கப்பாதான் எறங்கி அறுத்தாரு, முக்கா மரக்காவுக்கு"ன்னான்.

— யோவ், வைரக்கண்ணு. வாசப்படியில உக்காராத, உள்ள வந்து உக்காருய்யா.

— டீச்சர், அவன் அதைச் சொன்னப்போ... எங்க தெருப் புள்ளைங்கல்லாம் இருந்துச்சா?