காயாக்குக்குக் காட்டிய சூடம்

குரோம்பேட்டையில் மின்சார ரயில் கிளம்பியபோது, எதிர் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "எங்கம்மா சூடம் காட்டினதுல என் காயாக் ஓட்டையாயிடுச்சுடா."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"காயாக்னா?" என்று கேட்டார் நண்பர்.

"காத்தடிக்கிற ரப்பர் படகு. மாமா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்தார். புது வண்டிக்குப் பண்ற மாதிரி அம்மா அதுக்கும் மாலை போட்டு, பூசணிக்காய் சுத்தினாங்க. எரியுற சூடம் படகு மேல விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"பஞ்சர் ஒட்டி, பறவைங்களைப் படம் எடுக்கலாம்னு கேமராவோட எடுத்துட்டுப் போனேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி உள்ள ஒரு ஏரி, யாருக்குமே தெரியாது. நடு ஏரியில ஒட்டு பிச்சுக்கிச்சு."

"ஐயையோ, கேமரா?"

"நல்லவேளை, மார்பளவு தண்ணிதான். கேமராவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னேன். படகைப் பாத்துப் பயந்து பறந்த கூழைக்கடா, இப்ப தானாவே நீந்திக் கிட்ட வந்துச்சு. இதோ பாரு."

போனில் காட்டிய படம் முழுக்கப் பறவையின் முகம்.

"பிரமாதம் மச்சான்! அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. சூடம் காட்டினதாலதான் இவ்ளோ நல்லா வந்திருக்காம். கேமராவுக்கும் காட்டணும்னு காலையிலேர்ந்து தட்டோட நிக்கிறாங்க."

மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

"அதான் ஆபீசுக்கே எடுத்துட்டு வந்துட்டேன்."