கல்லைப் பிடித்த கட்டைவிரல்

...அதான் சார் நானும் கேக்குறேன். வெள்ளைத் துணி மேல வெச்சு, நாலு பக்கமும் லைட்டப் போட்டு எடுத்தா, ஒடஞ்ச சோடா பாட்டில் கூட ஜொலிக்கும். ஜொலிக்குமா இல்லையா? ஜொலிக்கும். இந்த ஆபீஸ்காரங்க, இதோ இந்தக் கதவுக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு அப்பிடி ஒரு படத்த நெட்டுல போட்டு, இதான் வைரம், வாங்கிக்கோங்கன்றாங்க. நான் என்ன இளிச்சவாயனா? வருசக்கணக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். எனக்குத் தொழிலே கண்ணு. படத்துல இருக்குறது நேர்ல இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா...

உள்ள போகக் கெளம்பினவரப் பிடிச்சு உக்கார வெச்சுட்டேன்னு தப்பா நெனைக்காதீங்க சார். ரெண்டே நிமிசம். யார்கிட்டயாவது சொல்லலன்னா மண்ட வெடிச்சிரும்.

எனக்கு இந்த வயசுலதான் கல்யாணம் கூடி வந்திருக்கு. தலையில பாதி போயாச்சு, மிச்சம் நரைச்சாச்சு, இப்பத்தான். என் கடைக்கு அடுத்த மருந்துக்கடை இருக்கு பாருங்க, அதுல மருந்து எடுத்துக் குடுக்குறவங்க. தங்கமான மனுசி. அவங்களுக்கு ஒரு மோதிரம் போடணும், அதுல ஒரு நல்ல கல்லு இருக்கணும். இது ஒரு பேராசையா?

மொதல்ல இவங்களுக்கு எழுதுனேன். வெள்ளத் தாள்ல கல்லக் கவுத்துப் போட்டுப் படம் எடுங்கன்னு. ஏன்? நேரா வெச்சா மினுமினுப்புல மஞ்சள் தெரியாது, கவுத்துனா குட்டு வெளிய வந்துரும். அனுப்புனாங்க. மஞ்சள் இல்ல. சரி. அப்புறம் நிமித்தி வெச்சு ஒண்ணு. நடுவுல கருப்பா ஒரு திட்டு. கேட்டா, அது கேமராவோட நிழல், கல்லுக்குள்ள தெரியுதுன்னு பதில் வருது. அப்ப கேமராவ நகத்தி எடுங்கன்னேன். கருப்பும் கூடவே நகந்துச்சு. சரி, நெசந்தான். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல ஒண்ணு, குண்டு பல்புல ஒண்ணு... கையில பிடிச்சு ஒண்ணு.

அங்கதான் சார் வென வந்துச்சு.

கைன்னா முழுக் கை இல்ல. கட்டவெரல், ஆள்காட்டி வெரல், நடுவுல கல்லு. பெருசு பண்ணிப் பாக்குறேன், கல்லு மேல மயிரிழை மாதிரி ஒரு கோடு. விரிசல்னு பதறிப்போய் எழுதுனா, இல்ல சார், கட்டவெரல்ல பிளாஸ்திரி போட்டிருக்கு, அதுல பிரிஞ்ச நூலுன்றாங்க. தொடச்சுட்டு மறுபடி எடுத்தாங்க. கோடு இல்ல. விசயம் அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா மனுசன்னு ஒருத்தன், வெரலுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டானா? கேட்டேன். பெட்டி மூடி நசுக்கிருச்சாம். பாவமா இல்ல?

அடுத்த படத்துல பிளாஸ்திரி சின்னதாயிருச்சு. அதுக்கும் அடுத்ததுல பிளாஸ்திரியே இல்ல, நகத்துக்குக் கீழ பிறைநெலா மாதிரி ஒரு தழும்பு மட்டும். எனக்கு வந்த நிம்மதியில, கடைக்கு வந்த ஒருத்தருக்கு ஃப்ரேம சும்மாவே தூக்கிக் குடுத்துட்டேன். என்ன நகம் சார் அது! பாலிஷ் போட்டு, ஓரமெல்லாம் அளவா வெட்டி, எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரு பொட்டு கறை கெடையாது...

ஏசி ஜாஸ்தியா சார்? கைய பாக்கெட்டுல விட்டவரு எடுக்கவே மாட்டேங்குறீங்களே.

நேத்து நான் கட்டிக்கப் போறவங்க வந்து, என் கல்லக் காட்டுங்கன்னாங்க. போனக் குடுத்தேன். தள்ளுறாங்க... தள்ளுறாங்க... டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கிறவங்க, இதப் படிக்க எவ்ளோ நேரம்? மொதல்ல கல்லு பெருசா இருக்கு. போகப் போக வெரல் பெருசாகுது, கல்லு ஓரமா ஒதுங்குது. "யாரு இவ?"ன்னாங்க. தெரியாதுன்னேன். நெசந்தான சார்? உண்மையச் சொன்னா எவன் நம்புறான்? இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த வெரல் யாரோடதுன்னு தெரிஞ்சாகணும், இல்லன்னா கல்யாணமும் வேணாம் கல்லும் வேணாம்னுட்டாங்க. அதான் காலையில இருந்து இங்க தேவுடு காக்குறேன். கல்லுக்கு சர்டிபிகேட் குடுக்குறாங்கல்ல, அந்த வெரலுக்கும் ஒண்ணு குடுங்க, 'இது வெறும் வெரல்தான்'னு சீல் வெச்சுன்னு கேட்டேன். கேக்கப் போன ரிசப்ஷன் பொண்ணு, உள்ள போனவ போனவதான்.

ஒரே எடத்துலதான் சார் நான் வசமா மாட்டுனேன். கடைசியில வந்த படத்துல எல்லாம் கல்லே இல்ல. வெறும் வெரல். எங்க கல்லுன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல... நான்தான் சார் எழுதுனேன். கல்லு ரொம்ப மின்னுது, நகம் தெளிவாத் தெரியல, கல்லக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு அனுப்புங்கன்னு. கல்லு சுத்தமான கல்லுன்னு எனக்கு எப்பவோ தெரியும்.

என்ன சார் எந்திரிச்சுட்டீங்க? அது ஆபீஸ் ஆளுங்க போற கதவு. அந்த மெஷின்ல வெரல வெச்சாத்தான் தொறக்கும்... அட, தொறந்துருச்சு.

ஒரு நிமிசம். அந்தக் கட்டவெரல்... நகத்துக்குக் கீழ தழும்பு... நீங்களா? மீசையும் தொப்பையுமா, நீங்களா சார் அது? ஐயோ, நல்லதாப் போச்சு சார். ஒரே ஒரு வீடியோ கால், அவங்க முன்னால வந்து நின்னாப் போதும், பேசக்கூட வேணாம்... சார், கதவ மூடாதீங்க. சார்...

இருங்க, போன் அடிக்குது.

ஹலோ. ஆங், நான்தாம்மா. கண்டுபிடிச்சுட்டேன், ஆம்பள! ஆமா, மீசையெல்லாம் இருக்கு. சத்தியமா. அட, நம்புறீங்களா? அப்பாடா... இல்லம்மா, சந்தோசமாத்தான் இருக்கேன். கொரலா? கொரல்ல என்ன? ஒண்ணுமில்ல, இப்பத்தான் நேர்ல பாத்தேன்... படத்துல இருந்த அளவுக்கு இல்ல.

ஹலோ? ஹலோ...