குவைத் ஷேக்கின் வேலி

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர். மூத்தவர் முந்திக் குவைத்தில் வேலை செய்தவராம். மற்றவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிப் பிரச்சினை; அதைத் தீர்க்க அன்று ஒரு கூட்டமாம், அவர் போகவில்லையாம்.

"குவைத் ஷேக்கும் உம்மைப்போலைதான், கூட்டத்துக்குப் போகேல்லை," என்றார் மூத்தவர்.

"என்ன கூட்டம் அண்ணை?"

"நூறு வருசத்துக்கு முந்திப் பக்கத்து அரசரோடை எல்லைத் தகராறு. வெள்ளைக்காரத் துரைதான் நடுவர். ஷேக்குக்காகக் கதைக்கப் போனதும் ஒரு வெள்ளைக்காரன்தான். துரை மாப்பிலை சிவப்புப் பென்சிலாலை ஒரு கோடு கீறினார். குவைத்திலை பாதிக்கு மேலை பக்கத்து அரசருக்குப் போயிட்டுது."

"ஷேக் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"எல்லாம் முடிஞ்ச பிறகுதானே அவருக்குச் சொன்னவை. சரி, உம்மடை கூட்டத்துக்கு ஆர் நடுவர்?"

"பின்வீட்டு வெள்ளைக்காரர். இப்ப அங்கை கதைச்சுக்கொண்டிருக்கினம். எனக்குப் பக்கத்து வீட்டான்ரை மூஞ்சையிலை முழிக்க விருப்பமில்லை. எனக்காகவும் தானே கதைக்கிறன் எண்டார். நல்ல மனிசன்."

"அவரின்ரை காணியும் உம்மடை வேலியோடை முட்டுதோ?"

"ஓம், பின்பக்கம்."



மற்றவர் சட்டென்று எழும்பி, இறங்குவதற்கு மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நிற்கும்வரை இழுத்துக்கொண்டே நின்றார்.