ஏழாம் படியின் சத்தம்

— காலையில ஏழு மணிக்குக் கேட்டேன், டெரல். அதுலேர்ந்து பச்சைத் தண்ணி கூட இறங்கல.

— எதைக் கேட்ட? இங்க பாரு மார்னி, பேண்டு போட்டி ஃபைனல்ஸ் அன்னைக்கு யாரும் வெறும் வயித்தோட திரியக் கூடாது. சமையல் வண்டியில பான்கேக் சூடா இருக்கு. போ.

— அந்த விழுற சத்தத்தைக் கேட்டேன்.

— எந்த விழுற சத்தம்?

— நம்ம ஷோவுல எத்தனை விழுற சத்தம் இருக்கு? கலங்கரை விளக்குக்காரன் ஏறும்போது படி உடைஞ்சு விழுவானே, அது. ஒவ்வொரு ஷோவுலயும் அதுக்குக் கீபோர்டுல நான் கீயை அழுத்துறேனே, அது.

— ஓ.

— ஹெட்ஃபோன்ல கேட்டேன். இப்பதான் முதல் தடவை.

— யார் குடுத்தா ஹெட்ஃபோனை?

— சவுண்டு பாக்குற ஹாலிஸ். கடைசி நாளாச்சே, கொஞ்சம் கை பழகலாம்னு என் கீபோர்டைத் தட்டினேன், சத்தமே வரல. ஒயரை வண்டியிலயே விட்டுட்டாங்க போலன்னு அவன்கிட்ட போனேன். லேப்டாப்ல போட்டுக் காட்டினான்.

— அந்தப் பயலுக்கு அறிவே கிடையாது.

— சீசன் பூரா அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நாங்க நிக்கிறது ஸ்பீக்கருக்குப் பின்னாடி. அது கத்துறது ஜனங்களைப் பாத்து. எங்களுக்கு வர்றது தும்முனு ஒரு அதிர்வு. அதையும் பாஸ் ட்ரம் முழுங்கிடும்.

— அது அப்படித்தான். நாம வாசிக்கிறது அவங்களுக்கு, நமக்கு இல்ல.

— அது என் கால் ஒடிஞ்ச சத்தம்.

— மார்னி.

— அதுக்கப்புறம் வர்றது என் குரல்.

— கேளு, கேளு. கொஞ்சம் அந்த மரத்துப் பக்கம் வா. இங்க ட்ரம்பெட்காரனுங்க எல்லாம் காதைத் தீட்டிட்டு நிக்கிறானுங்க.

— கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு ஈரப் புல்லுல வர முடியாது. இங்கயே சொல்லுங்க.

— சரி, நில்லு. நான் ஒண்ணும் மறைக்கல. சொல்றதுக்கு ஒரு நேரம் வரும்னு இருந்தேன்.

— எப்ப? கழுத்துல மெடல் போட்டப்புறமா?

— இந்த ஷோவுக்குச் சத்தம் எல்லாம் பண்றவன் நான். நான் என்னதான் பண்ணாம விட்டேன், சொல்லு. தகரத்துல அரிசியை உருட்டி மழை பண்ணேன். எக்காளம் ஊதுற அத்தனை பேரையும் ஸ்வரம் இல்லாம வெறும் காத்தை ஊத வச்சுப் புயல் பண்ணேன். தாளத் தட்டோட விளிம்புல வயலின் வில்லை இழுத்துக் கப்பல் ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தினேன். எல்லாம் வந்தது. எலும்பு ஒடியறது மட்டும் வரல. மைக் முன்னாடி செலரித் தண்டை ஒடிச்சேன். காய்ஞ்ச மக்கரோனியை மிதிச்சேன். நாடகக்காரப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து கத்தவிட்டேன். அதெல்லாம் சினிமாக் கத்தல். காதால யோசி, பொண்ணே. நீ கத்தவே இல்ல. மூச்சு உள்ள போகுது, அவ்வளவுதான். அப்புறம் 'அப்பா'ன்னு ஒரு சின்னக் குரல். அந்த இடத்துல ஸ்டேடியமே செத்துப் போகுது.

— 'அப்பா'வையும் விட்டு வச்சிருக்கீங்க.

— வெட்டிப் பாத்தேன். வெட்டினா நல்லா இல்ல.

— நல்லா இல்ல.

— சத்தத்துக்கான ஜட்ஜ் இருக்கான் பாரு, ஷோ பூரா தன் விமர்சனத்தை டேப்ல பேசிட்டே இருப்பான். பேசறதுதான் அவன் வேலையே. அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திட்டான். டேப்ல வெறும் மூச்சு. என் வாழ்க்கையில ஒரு ஜட்ஜை நான் வாயடைச்சது அதுதான் முதல் தடவை. அன்னைக்குத்தான் நாம மார்க்குல மேல ஏற ஆரம்பிச்சோம்.

— நீங்க வாயடைச்சீங்க.

— சரிம்மா, நாம.

— மார்னி! இங்கயா நிக்கிற? உனக்கு எடுத்து வச்ச தட்டு ஆறி அட்டையாப் போச்சு.

— வேண்டாம், பெவ்.

— பேண்டுல கொடி சுத்தி ஆடின காலத்துல ரெண்டு தட்டு காலி பண்ணிட்டு மூணாவதுக்கு என் சமையல் வண்டி ஜன்னல்ல தொங்குவ. கீபோர்டு தட்டினா பசிக்காதோ? போகட்டும். உங்கப்பா மறுபடியும் என் ஃபோனுக்குக் கூப்பிட்டாரு.

— நான் கேக்கல.

— நீ கேக்கலன்னாலும் சொல்லித்தான் ஆகணும். ராத்திரி ஷோவுக்கு டிக்கெட் வாங்கிட்டாராம். மேல, கடைசி வரிசை. நீ நிமிந்து பாத்தாலும் தெரியாத இடமாப் பாத்து வாங்கியிருக்காராம். வரலாமான்னு உன்னைக் கேக்கச் சொன்னாரு. டிக்கெட்டை வாங்கிட்டு அனுமதி கேக்குற மனுஷனை இப்பதான் பாக்குறேன்.

— வரக் கூடாதுன்னு சொல்லுங்க.

— அடிப்பாவி. ஒரு படிக்கு ஆணி அடிக்க மறந்ததுக்கு ஒரு மனுஷனை இப்படியா வதைப்ப?

— அந்தப் படியாலதான் நான் இந்தக் கட்டையோட நிக்கிறேன், பெவ்.

— தெரியும், தெரியும். அந்தக் கலங்கரை விளக்குக் கோபுரத்தை லீவு போட்டுட்டு வந்து தனி ஆளா இழைச்சு நிறுத்தினவரும் அவர்தான். அதையும் ஞாபகம் வச்சுக்கோ.

— பெவ், நாங்க ஒரு முக்கியமான விஷயம் பேசிட்டு இருக்கோம்.

— நீங்க என்னைக்கு டெரல் முக்கியமில்லாததைப் பேசியிருக்கீங்க? பேசுங்க. சிரப்பு தீரப் போகுது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

— பாத்தியா? பேசாம அவங்க கூடவே போயிருக்கலாம். மதியம் ஒரு ஒத்திகை இருக்கு, அப்புறம் பஸ்—

— எந்த மைக்?

— என்ன எந்த மைக்?

— ஜூன்ல, நான் விழுந்த அந்த ரிகர்சல்ல, என்னைப் பதிவு பண்ணது எந்த மைக்?

— முன்வரிசையில வாத்தியங்களுக்கு வச்ச மைக்குங்கதான். அது பாட்டுக்கு எப்பவும் ஓடிட்டு இருக்கும்.

— முன்வரிசை மைக்கெல்லாம் மைதானத்தோட இந்த ஓரத்துல. கோபுரம் அந்த ஓரத்துல. இதுல என் ஷூ ரப்பர் மரத்துல உரசுறது கேக்குது, டெரல். படி முனகுறது கேக்குது. முதல்ல கீச்சுனு ஒண்ணு. அப்புறம் பூனை மாதிரி இழுத்து ஒண்ணு. அப்புறம்தான் உடையுது. படியில காதை வச்சுக் கேக்குற மாதிரி.

— உனக்கு நல்ல காது.

— காதால யோசின்னு சொல்லிச் சொல்லிக் கெடுத்தது நீங்கதான்.

— சரி, விடு இப்ப.

— மைக் படிக்கு அடியில இருந்தது.

— வெயில் ஏறுது பாரு. தொப்பி எங்க உன்னுது?

— டெரல். மைக் படிக்கு அடியில இருந்ததா, இல்லையா?

— இருந்தது.

— நான் விழறதுக்கு முன்னாடியே.

— ஏழாம் படி ஒரு வாரமா முனகிட்டு இருந்தது. அந்த முனகலைக் கேட்டிருக்கியா, தனியா? அலையில நங்கூரம் போட்டு நிக்கிற மரக்கப்பல். எவ்வளவு காசு குடுத்தாலும் எந்த ஸ்டுடியோவுலயும் கிடைக்காது. தானா வந்தது. அதை ஒருத்தர் எடையோட ஒரே ஒரு தடவை பிடிச்சுக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

— ஒருத்தர் எடையோட.

— நீதானே எப்பவும் ஏறுவ.

— அன்னைக்குக் காலையில எங்கப்பா சுத்தியலோட வந்தாரு. நான் கொடியைச் சுத்திட்டு இருந்தேன், பாத்தேன். கோபுரம் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிப் போனாரு. அதைத்தான் எல்லாரும் மறதின்னாங்க. நானும் மறதின்னேன்.

— 'சாயங்காலம் ஆணி அடிச்சுக்கலாம், வெர்ன்'னு உங்கப்பாகிட்ட நான்தான் சொன்னேன். அவரும் அந்தப் படியில ஏறிக் குதிச்சுப் பாத்தாரு. ஒரு நாள் தாங்கும்னாரு. ரெண்டு பேரும்தான் நினைச்சோம் தாங்கும்னு.

— அப்புறம் ஏன் அவர் வாயைத் திறக்கல? மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடியும் எழுந்து நின்னு 'நான்தான் மறந்துட்டேன்'னாரு. நான் சக்கர நாற்காலியில உக்காந்துட்டு அவரை என்னென்ன சொன்னேன் தெரியுமா?

— தெரியும். உன் நாற்காலியைப் பிடிச்சுட்டு நின்னதே நான்தானே.

— பிடிச்சுட்டு நின்னீங்க.

— இங்க பாரு. உனக்கு இருபத்தொண்ணு. இந்தக் கோடையோட உன் கதை முடிஞ்சது. யார் நினைச்சாலும் அடுத்த வருஷம் உன்னை இந்த மைதானத்துல விட மாட்டாங்க, இருபத்தொண்ணுதான் வயசு வரம்பு. உங்கப்பா ஆஸ்பத்திரி வாசல்ல என் கையைப் பிடிச்சுட்டு அழுதாரு. 'கொடி பிடிக்க முடியலன்னா போகட்டும், வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, கடைசி வருஷம்'னு. நான் உள்ளதைச் சொன்னேன். தெரிஞ்சே விட்டதுன்னு வெளிய போனா இன்சூரன்ஸ்காரன் வந்து உக்காருவான். கோபுரம் போகும், நான் போவேன், ஷோ போகும். ஆணி மறந்து போச்சுன்னா அது வெறும் விபத்து. அப்படி இருந்தா முன்வரிசையில உனக்கு ஒரு கீபோர்டு போட்டுத் தர்றேன்னேன்.

— விலை பேசியிருக்கீங்க.

— அவர் யோசிக்கவே இல்ல, தெரியுமா? 'அவ என்னைத் திட்டினா திட்டட்டும், மைதானத்துல நிக்கணும்'னாரு. சுத்தியலை என்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு. இப்பவும் என் வண்டியிலதான் கிடக்கு.

— சரி.

— என்ன சரி?

— இன்னைக்கு நான் அழுத்த மாட்டேன்.

— சும்மா இரு.

— முன்னாடி நின்னு தாளம் காட்டுற ட்ரம் மேஜர் இடது கையை இறக்குவா. நான் அவ கையைப் பாத்துட்டே நிப்பேன். எனக்குப் பதிலா ஏறுற பிராடி, படி உடைஞ்ச மாதிரி தொபுக்கடீர்னு விழுவான். ஒரு சத்தமும் வராது. பாவம், வாழைப்பழத் தோல்ல வழுக்கினவன் மாதிரி கிடப்பான். உங்க ஜட்ஜ் அப்ப என்ன பேசுறான்னு கேட்டுக்கோங்க.

— ஜிம் தரையில படுத்து, பஸ்ல தூங்கி, நூத்தம்பது பேர் ரத்தம் சிந்தியிருக்காங்க. அவங்க தலையிலயா மண்ணள்ளிப் போடுவ?

— போட வேண்டாம்னா இப்பவே டைரக்டர்கிட்ட வாங்க. வெர்ன் மறக்கல, நான்தான் தடுத்தேன்னு சொல்லுங்க. அப்புறம் அவருக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. நான் பக்கத்துல நின்னு கேக்கணும். அப்ப அழுத்துறேன். எப்பவும் போல, மயிரிழை தப்பாம.

— மயிரிழை தப்பாம.

— நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கீங்க. மார்னி கை தப்பவே தப்பாதுன்னு.

— சொன்னேன். நீ திரும்பி வந்த முதல் ஷோ ஞாபகம் இருக்கா?

— அன்னைக்கு மாத்திரை மயக்கம். அது ஒரு தடவைதான்.

— பிராடி விழுந்து, கிடந்து, எழுந்துக்கலாமான்னு யோசிக்கிறப்ப உன் சத்தம் வந்தது. ஜனங்க சிரிச்சாங்க. என் ஷோவுல, அந்த இடத்துல, சிரிச்சாங்க.

— அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நான்—

— அதுக்கப்புறம் ஒழுங்கா வந்தது, ஆமா. ஹாலிஸ் கெட்டிக்காரன்.

— ஹாலிஸா?

— உன் கீபோர்டுலேர்ந்து ஒயர் எங்கயும் போகல, பொண்ணே. மறுநாள் காலையிலயே உருவிட்டேன். அதுலேர்ந்து ஹாலிஸ்தான் லேப்டாப்ல அழுத்துறான். உன்னை அங்கேர்ந்து எடுக்க முடியாது. விழுந்த பொண்ணு திரும்பி வந்துட்டான்னு மைக்ல உன் பேரைச் சொல்றாங்க, ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுறாங்க. அதுவும் நமக்கு வேணும். ஆனா அந்தச் சத்தத்தை உன் விரலை நம்பி விட முடியாது. அதனால நீ அழுத்தினாலும் ஒண்ணுதான், அழுத்தாட்டியும் ஒண்ணுதான். கை இறங்கினா படி உடையும், நீ 'அப்பா'ன்னு கூப்பிடுவ. போ, முகத்தைக் கழுவிட்டு யூனிஃபார்மைப் போடு.

— எங்கப்பா இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு எனக்கு வாங்கிக் குடுத்தது அந்தக் கீபோர்டைத்தானே, டெரல்? அதுல ஒயர் இல்லன்னு அவருக்குத் தெரியுமா?